பெப்பர்மிண்ட் கரையும்வரை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மூன்றாம் மாடியில் நின்று அவள் ஒரு நோயாளியிடம் "நல்லா தூங்குனீங்களா?" என்று விசாரித்தால், இரண்டாம் மாடியில் யாரோ "எங்க தூங்க விட்டீங்க?" என்பார்கள். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அங்கே கிடையாது. முதலில் சிரிப்பவளும் அவள்தான், அந்தச் சிரிப்பு நாலாம் மாடிக்குப் போகும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுடைய அப்பா மாவு மில் வைத்திருந்தார். மில்லுக்கு மேலேயே வீடு. விடிந்தால் போடுகிற மோட்டாரை இருட்டிய பிறகுதான் நிறுத்துவார். அந்த வீட்டில் உப்பு டப்பாவைக் கேட்பதென்றாலும் தொண்டை கிழியத்தான் கேட்க வேண்டும். கோபம், கொஞ்சல், ரகசியம் எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம். அவள் அப்பா அம்மாவிடம் ஆசையாகப் பேசியதெல்லாம் தெருவுக்கே மனப்பாடம். அப்படி வளர்ந்தவள் ரகசியம் பேசினால் இன்னும் வினை. சத்தம் குறையாது, மூச்சுக்காற்றுதான் கூடச் சேரும். சாதாரணமாகப் பேசும்போதாவது ஒன்றிரண்டு வார்த்தை தப்பிப்போகும். ரகசியக் குரலில் ஒரு எழுத்து பாக்கி இல்லாமல் எல்லார் காதுக்கும் போய்ச் சேரும். ராத்திரி பேக்கரியில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற அவள் புருஷன், கல்யாணமான வாரமே காதுக்குப் பஞ்சு வாங்கிவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

இப்படிப்பட்டவளைத்தான் மேலிடம் தேடிப் பிடித்து மனத்துயர் நர்ஸாகப் போட்டது! யாரையாவது பறிகொடுத்துவிட்டுத் திக்குத் தெரியாமல் நிற்பவர்கள், வீட்டில் அடிபட்டு அதை வெளியில் சொல்ல முடியாமல் விழுங்குகிறவர்கள், இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைப்பதுதான் வேலை. கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் காதால் செய்ய வேண்டிய வேலை. பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: "கேள்வியைக் கேளுங்க. கேட்டதும் வாயை மூடிக்குங்க. அவங்களா பேசற வரைக்கும் திறக்கவே கூடாது."

ஒத்திகையில் எதிரே ஒரு நர்ஸ் நோயாளி வேஷத்தில் உட்கார்ந்தாள். நம் மைக்செட் கேள்வியைக் கேட்டாள், பதிலையும் தானே சொன்னாள், புத்திமதி சொன்னாள், ஆறுதல் சொன்னாள், கடைசியில் நோயாளிக்கும் சேர்த்துத் தானே அழுதாள். எதிரே இருந்தவளுக்கு வேலையே இல்லை, கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்த பெப்பர்மிண்ட் மிட்டாயை வாயில் போட்டவளுக்குத்தான் வழி பிறந்தது. அதிலிருந்து கேள்வி கேட்டவுடன் ஒரு பெப்பர்மிண்ட். கரையும்வரை பேச்சில்லை, கடிக்கவும் கூடாது. மிட்டாய் அரைவாசி கரைவதற்குள் எப்பேர்ப்பட்டவர்களும் வாயைத் திறந்துவிடுவார்கள் என்பதை அவளே நம்பமுடியாமல் கண்டுபிடித்தாள். மனுஷர்களுக்கு இவ்வளவு சொல்ல இருக்கிறதா! இவ்வளவு காலம் நாமே பேசிக் கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் பெப்பர்மிண்ட்டில் பாதி கரைந்தது கண்டக்டரின் கதைக்குத்தான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி இதே ஆஸ்பத்திரியில், இதே பெண்கள் வார்டில் கிடந்து, பிறகு தீவிர சிகிச்சை அறைக்குப் போய்த் திரும்பாமல் போனாள். மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் பார்வை நேரம் வந்தால் மனிதர் தலைவாரி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கதைதான். மனைவியின் நோயை ஸ்டாப்பு ஸ்டாப்பாகச் சொல்லுவார். "மொத ஸ்டாப்பு, லேசா வயித்துவலி. ரெண்டாவது, பசி இல்ல. சரி, வெயிலுன்னு நெனச்சோம்." ஒரு ஸ்டாப்பையும் விடமாட்டார். ஆளைவிட்டால் போதும் என்று பெஞ்சே காலியாகிவிடும்.

மைக்செட் மட்டும் மிட்டாயும் வாயுமாக உட்கார்ந்து கேட்பாள். பல தடவை கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மனைவியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தீவிர சிகிச்சை அறைக் கதவுக்குள் கொண்டுபோன இடம்வரை கதை வரும். அங்கே வந்ததும் கண்டக்டர் சட்டென்று எழுந்து, "சரி சிஸ்டர், நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு நாளும் போனதில்லை. அழுததும் இல்லை.

இப்போது கண்ணாடிக்கடைக்காரருக்கு வருவோம்.

அதே பெண்கள் வார்டின் நாலாம் கட்டிலுக்கு ஓர் இளம்பெண் மணிக்கட்டு முறிந்து வந்திருந்தாள். கூடவே அவள் புருஷன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். என்ன ஒரு தங்கமான மனிதர் என்கிறீர்கள்! சட்டைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு திருப்புளி. வந்த அன்றே வார்டில் இருந்த ஆடுகிற கண்ணாடி, கோணல் கண்ணாடி அத்தனையையும் பிடுங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டார். தலைமை நர்ஸான மேட்ரனின் கண்ணாடி பல வருஷமாக மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. அதையும் நிறுத்திவிட்டார். மேட்ரனுக்கு வாயெல்லாம் பல். "கட்டிக்கிட்டா இந்த மாதிரி ஆளைக் கட்டிக்கணும்" என்று நர்ஸ்களிடம் சொன்னார்.

மனைவியை விட்டு அவர் அசையவில்லை. சோறு ஊட்டினார், தலை வாரிவிட்டார், கழிப்பறை வாசல்வரை கூடவே போய் நின்றார். அவளிடம் என்ன கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும்.

"எப்படிம்மா விழுந்தீங்க?" என்று மைக்செட் கேட்டாள்.

"நாங்க பாத்ரூம்ல வழுக்கிட்டோம் சிஸ்டர்."

"ரெண்டு பேருமா?"

அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் இருந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் சிரிப்பதை உறுதிசெய்துகொண்டு, அப்புறம் சிரித்தாள். அதை மைக்செட் மட்டும் கவனித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் டாக்டர் மைக்செட்டைத் தனியாக அழைத்தார். "எக்ஸ்ரேல பழைய முறிவு ஒண்ணு தெரியுது. தானாக் கூடியிருக்கு. மேல்கையில விரல் தடம் வேற. ஆனா அவங்க வாயைத் திறக்காம நான் என்ன செய்யறது? கட்டு போட்டாச்சு, மத்தியானம் வீட்டுக்கு அனுப்பணும். அதுக்குள்ள தனியாக் கேளுங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் அனுப்பமாட்டேன்."

ஒரு வார்த்தை. மத்தியானத்துக்குள். சொல்லாமல் போனால், அடுத்த தடவை அவள் இந்த வார்டுக்கு வருவாளா, வேறெங்காவது போய்விடுவாளா என்பதை நினைக்கவே மைக்செட்டுக்குப் பிடிக்கவில்லை.

தனியாகக் கேட்பதற்கு மாவுக்கட்டு அறைதான் தோது. ஆனால் அன்று பார்த்து, பந்து விளையாடி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த ஒரு குழு அதை நிறைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. வேறு அறை கிடையாது. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும், அதற்கு முதலில் கண்ணாடிக்காரரைக் கிளப்ப வேண்டும். மருந்துச் சீட்டைக் கொடுத்துப் பார்த்தாள், வாட்ச்மேனை அனுப்பி வாங்கிக்கொண்டார். டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள், பழக்கம் இல்லை என்றார். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாசலுக்கு வந்தவள் பெஞ்சில் கண்டக்டரைக் கண்டாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், ஒரு உதவி. நாலாம் கட்டில்காரரை வெளிய கூட்டிட்டு வந்து உங்க கதையைச் சொல்லணும்."

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன் கதையைக் கேட்க ஒருவர் ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"எதுவரைக்கும் சிஸ்டர்?"

"நான் திரையைத் திறக்கற வரைக்கும்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு அதன் காலைப் பிடித்து ஒரே முறுக்கு. கால் கையோடு வந்தது.

"தம்பி!" என்று வார்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார். "கண்ணாடி காலு கழண்டுபோச்சு. உங்க கைராசி பத்தி ஊரே பேசுது. இங்க ஜன்னல் வெளிச்சத்துக்கு வாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல."

வார்டே கண்ணாடிக்காரரைப் பார்த்தது. மேட்ரன் பெருமையோடு பார்த்தார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நல்லவர் என்று பேர் வாங்கியாயிற்றே! மனைவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார். கண்டக்டர் லேசுப்பட்டவரா? ஜன்னலடியில் போனதும் திருகாணியைக் கீழே நழுவவிட்டார். இருவரும் குனிந்து தரையில் தேட, "மொத ஸ்டாப்பு, லேசா வயித்துவலி" என்று வண்டி கிளம்பிவிட்டது.

மைக்செட் திரையை இழுத்தாள். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். குரலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறக்கினாள்.

"கண்ணு, வீட்டுல உங்க வீட்டுக்காரர் உங்களை அடிக்கிறாரா?"

கேட்டுவிட்டுப் பெப்பர்மிண்ட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "இல்ல சிஸ்டர். பாத்ரூம்ல வழுக்கிருச்சு."

மைக்செட் வாயைத் திறக்கவில்லை. மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வார்டில் ஒரு சத்தமும் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. டம்ளரில் ஸ்பூன் கலக்குகிற சத்தம் நின்றிருந்தது. துடைப்பான் போடுகிற ஆயாவின் வாளிச் சத்தமும் இல்லை. அவளுடைய ரகசியம் திரையைத் தாண்டி, எட்டுக் கட்டில்களுக்கும் தெள்ளத் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கெட்டது குடி என்று மைக்செட் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்வியைக் கேட்க இந்தத் தொண்டைதானா கிடைத்தது! வாசலுக்கு எட்டியிருந்தால்? அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வாசலில் கண்டக்டரின் கதை, பஸ்ஸில் டிக்கெட் கேட்ட பழைய குரலில், மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த கட்டிலில் பித்தப்பைக் கல் எடுத்துப் படுத்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வந்த நாளாக "சிஸ்டர், மெதுவாப் பேசப் பழகுங்க" என்று மைக்செட்டை விரட்டிக்கொண்டிருந்த அம்மாள்.

"என்னை அடிச்சாரு" என்றார் அவர். "வருஷக்கணக்கா. முன்பல்லு ரெண்டும் பொய்ப்பல்லு. பஸ்ஸுல விழுந்தேன்னு பிள்ளைங்ககிட்டச் சொன்னேன். அந்தப் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லக்கூடாதுன்னு பாடமும் நடத்துனேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நீ கேட்டது என்னை இல்லைன்னு தெரியும்மா. ஆனா இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல."

வாளி தரையில் நகர்ந்தது. "எங்க வீட்லயும் உண்டு டீச்சரம்மா" என்றாள் ஆயா. "குடிச்சாத்தான். ஆனா தினமும் குடிப்பாரு."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு யாரோ குபுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஆயாதான். தானே சொல்லித் தானே சிரித்தாள். அவளைத் தொடர்ந்து டீச்சரம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதே, சிரிக்க வைக்காதடி" என்று சிரித்தார். மைக்செட் அந்தச் சத்தம் வெளியே போய்விடுமே என்று பதறிப்போனாள், மிட்டாய் வேறு வாயில், "உஷ்" சொல்லக்கூட வழியில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஓலம் கேட்டது.

வெளியே நடந்ததை வாட்ச்மேன் பிறகு நூறு தடவை நடித்துக் காட்டினார். திருகாணி கிடைத்து, கால் பொருந்தி, கதையும் தீவிர சிகிச்சை அறைக் கதவுக்கு வந்துவிட்டது. கண்டக்டர் வழக்கமாக எழுந்து போகிற இடம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். முகம் மாறியது. "என்ன நடக்குது உள்ள?" என்று அடி எடுத்து வைத்தார். கண்டக்டர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க தம்பி, இன்னும் ஒரு ஸ்டாப்பு இருக்கு" என்றார். பாக்கி இருந்த ஒரே ஸ்டாப்பு, கதவுக்கு அந்தப் பக்கம். அதைச் சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை, "ஐயோ" என்று ஓங்கி ஒரு கத்து. அது கள்ள அழுகையாகத்தான் ஆரம்பித்தது என்பார் வாட்ச்மேன். அரை நிமிஷம்தான். அப்புறம் மனிதர் கண்ணாடிக்காரர் தோளில் விழுந்து, சட்டை நனைய நனைய, மாதக்கணக்கில் அடைத்துவைத்ததையெல்லாம் அழுதார். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்கு நடுவில், அழுகிற பெரியவரைத் தள்ளிவிட்டுப் போக நல்லவரால் முடியுமா? முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

திரைக்குள் அந்தப் பெண் கேட்டாள். "யாரு அழறது?"

மைக்செட் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். "கண்டக்டர்."

"எதுக்கு?"

"உங்க வீட்டுக்காரரை உள்ள விடாம இருக்கறதுக்கு."

அந்தப் பெண்ணுக்கு இது விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவள் உதடு கோணிக்கொண்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான். யார் முகத்தையும் பார்க்காமல் சிரித்தாள். கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அது வலிக்க, மறு கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, ஓய்ந்தாள்.

"அவருதான் சிஸ்டர் உடைப்பாரு" என்றாள். "அப்புறம் அவரே உட்கார்ந்து கட்டுப் போடுவாரு. நல்லாப் போடுவாரு. இந்தத் தடவை அவரு போட்ட கட்டுல எலும்பு கூடல, அதான் இங்க கூட்டிட்டு வந்தாரு."

வாயில் பெப்பர்மிண்ட் இன்னும் பாக்கி இருந்தது. மைக்செட் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, அது கரையும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள், "யாரைக் கூப்பிடட்டும்?"

"எங்க அக்காவை. அவளோட பேச விடமாட்டாரு. நம்பர் ஞாபகம் இருக்கு."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் வீட்டுக்கு அனுப்புவதை ரத்து செய்தார். அக்காவுக்குப் போன் போனது, "இதோ கிளம்பிட்டேன்" என்று அவள் கத்தியது, மைக்செட்டுக்கே போட்டியாக இருந்தது. ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் வந்து கண்ணாடிக்காரரிடம், நோயாளி பார்க்க விரும்பவில்லை, கீழே வாருங்கள், பேச வேண்டும் என்றார். "நான் என்ன செஞ்சேன்? எல்லார்கிட்டயும் கேட்டுப் பாருங்க" என்று அவர் வார்டைப் பார்த்தார். வார்டு அவரைப் பார்த்தது. அவர் சரிசெய்து கொடுத்த கண்ணாடிகள் வழியாகவே பார்த்தது.

மேட்ரன் மைக்செட்டைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"திரைக்குள்ள வச்சுக் கேட்டா அது தனியாக் கேட்டதாகுமா? வார்டு முழுக்க டமாரம் அடிச்சிருக்க. இன்னைக்குப் பலிச்சிருச்சு. அந்தாளு காதுல விழுந்திருந்தா அந்தப் பொண்ணு கதி என்ன?"

நியாயமான கேள்வி. மைக்செட் மிட்டாய் இல்லாமலே வாயை மூடிக்கொண்டு நின்றாள். பலித்துவிட்டால் தப்பு சரியாகிவிடாது என்பது அவளுக்கும் தெரியும். மேட்ரன் மேஜையிலிருந்து ஒரு சாவியை எடுத்து வீசினார். துணி வைக்கிற அறைச் சாவி. "அழுக்குத் துணியை வேற எடத்துல போடச் சொல்றேன். இனிமே அங்க வச்சுக் கேளு. போர்வை அடுக்குனா சத்தம் கொஞ்சம் அடங்கும்." பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி, கண்ணாடிக்காரர் முறுக்கிய திருகாணியைத் தன் நகத்தாலேயே நெம்பித் தளர்த்தி, மறுபடி மாட்டிக்கொண்டார். கண்ணாடி வழக்கம்போல் வழுக்கி மூக்கு நுனியில் வந்து நின்றது.

வெளியே கூட்டம் கலைந்திருந்தது. கண்டக்டர் மட்டும் பெஞ்சில் இருந்தார். சட்டை மடிப்பெல்லாம் போய், முகம் வீங்கி, கைக்குட்டையைப் பிழியலாம் போல இருந்தது. மைக்செட் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பெப்பர்மிண்ட்டை எடுத்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு.

"சும்மா அழற மாதிரிதான் ஆரம்பிச்சேன் சிஸ்டர்" என்றார். "நிக்கமாட்டேங்குது."

அவள் தன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவ எறங்கி ரொம்ப நாளாச்சு. நான்தான் விசில் குடுக்காம வண்டியைப் பிடிச்சுவச்சுக்கிட்டு நிக்கிறேன்."

மிட்டாய் கரைந்தது. மைக்செட்டுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை மாதமாக, அத்தனை ஸ்டாப்பிலும், கதையில் "அவ, அவ" என்றுதான் வந்தது.

"அவங்க பேரு என்ன சார்?"

கண்டக்டர் சொன்னார். ரொம்ப நாளாக வாயில் வராத பெயர், முதல் தடவை தடுமாறியது, இரண்டாம் தடவை சரியாக வந்தது. மைக்செட் அதைத் தன் ரகசியக் குரலில் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

வார்டுக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது. அந்த நாள்வரை யாரும் வாசலில் கேட்டிராத குரல், நாலாம் கட்டிலிலிருந்து.

"நல்ல பேரு, சார்!"